மொக்கைச்சாமியின் டோக்கன்

என் வீட்டுக்காரர் சங்கிலி இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. வயது ஐம்பத்தாறு. அலுமினியம், கண்ணாடி வேலை. பேப்பரில் போடுகிற அளவுக்கு அவர் எதுவும் செய்ததில்லை. பழங்காநத்தத்தில் தள்ளும்போது சத்தம் வராத கண்ணாடிக் கதவு எந்தக் கடையில் இருக்கிறதோ, அந்தக் கதவு அநேகமாக அவர் மாட்டியது. அதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து சர்ச் சபைக்காரர்களுடைய மியூசியத் திறப்பு விழாவில் நடந்ததையும் எழுதிவைத்தால்தான் அவரைப் பற்றி எழுதியதாகும்.

எழுமலைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில்தான் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, பதினேழு வயதில் மதுரைக்கு வந்து ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். கணக்கில் தோற்றவர் என்று சொன்னால் அவரோடு வேலை பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு ஜன்னலைத் தூரத்திலிருந்து பார்த்தே "மூணடி நாலு இஞ்சு ரெண்டு நூல்" என்பார். நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. டேப்பை வைத்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். கண்ணாடியைக் கையில் எடுத்ததும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார். என்ன கேட்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்கேன்னு சொல்லுது" என்பார். கல்யாணமான புதிதில் என் தலையிலும் அப்படித் தட்டியிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்களே போட்ட கடையின் முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. நான் பி.ஏ. வரலாறு படித்தேன். அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமல் டி.டி.பி. கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் லேமினேஷன் மெஷினும் வைத்து உட்கார்ந்தேன். எங்கள் ஒரே பெண் பவதாரிணி கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். முன்னால் அவர் கண்ணாடி அறுக்கிற சத்தம், பின்னால் என் பிரிண்டர் சத்தம். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பெருத்திருக்கிறது, பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். "பாதி வேல பாத்துட்டு முழுச் சம்பளம் வாங்குறவன் நம்மூர்ல நெறையப் பேரு இருக்கான் சார், இதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்று இவர் சொன்னார். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பெரிய வேலைகளை விட்டுவிட்டோம். உட்கார்ந்தபடி செய்கிற வேலையாக எது வந்தாலும் எடுத்தோம்.

அப்படி வந்ததுதான் மியூசியம் வேலை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ்பிடேரியன் சபை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷன் கட்டிய சின்ன சர்ச். கோயில் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் என்று சில பேர் பாஸ்டரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த மூப்பர்களில் ஒருவர் ஞானாபரணம் சார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி புரொபஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட அறையைச் சபையின் வரலாற்று மியூசியம் ஆக்கவேண்டும் என்பது அவருடைய பத்து வருஷத்து ஆசை. ஐந்து கண்ணாடிப் பெட்டி இவர் செய்ய வேண்டும், உள்ளே வைக்கிற குறிப்புச் சீட்டுகளை நான் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அளவெடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். மேசைமேல் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கால்மிதி ஆர்மோனியம், பல் பிடுங்கும் குறடு, எலி கடித்த பாட்டுப் புத்தகம், மிஷன் டாக்டரின் மருந்துப்பெட்டி. எழுமலைப் பக்கம் மிஷன் வைத்திருந்த ஜெபவீடு ஒன்று எப்போதோ இடிந்துபோனதாம். அங்கேயிருந்து கொண்டுவந்த மூப்பர்களின் நோட்டு ஒன்று, ஒரு துணிப்பை, பைக்குள் மூன்று ஈய வில்லை. கட்டைவிரல் நகம் அளவு, முட்டை வடிவம். ஒரு பக்கம் வருஷம், மறுபக்கம் இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

இவர் டேப்பை விட்டுவிட்டு அதையே பார்த்தார்.

"சார், இது எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே."

"எங்க?" என்றார் ஞானாபரணம் சார்.

"சாமிப் பெட்டியில."

சாமிப் பெட்டி என்பது அவர்கள் குடும்பத்தில் குலதெய்வத்தின் சாமான்கள் இருக்கும் சின்னத் தகரப் பெட்டி. மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது அதை எடுத்துப் போவோம். சலங்கை, விபூதிப் பை, பழைய துட்டுகளோடு இந்த வில்லையும் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும்போது இதற்கும் வைப்போம். அவருடைய கொள்ளுத்தாத்தா மொக்கைச்சாமி வெள்ளைக்காரர்களிடம் வாங்கியது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஏதோ மெடல் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கடைக்கு எடுத்து வந்து காட்டினோம். ஞானாபரணம் சார் நின்றபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"தம்பி, இது இராப்போசன டோக்கன். ரொட்டியும் திராட்சரசமும் வாங்குற பந்தி இருக்குல்ல, அதுக்குத் தகுதியானவங்களுக்குத்தான் இத குடுப்பாங்க. உங்க தாத்தா எங்க சபையில முழு அங்கத்தினரா இருந்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்கு எங்க சார் தெரியும். பொட்டு வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார் அவர் அவசரமாக. பிறகு, "இந்த மஞ்சளை மட்டும் கழுவிரலாமா?" என்று கேட்டார்.

"போகாது சார். நாலு தலமொற மஞ்சள்."

மியூசியத்துக்குக் கொடுக்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சாப்பிடும்போது இரண்டு தடவை "முழு அங்கத்தினராம்" என்று சொன்னார்.

ஞானாபரணம் சார் எழுதிக் கொடுத்த சீட்டு இது: 'டோக்கன். இராப்போசனப் பந்தியில் பங்குபெற்ற எழுமலைப் பகுதி ஆதிக் கிறிஸ்தவர் ஒருவருடையது. அன்பளிப்பு: சங்கிலி குடும்பத்தார்.' அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு பெரிய சீட்டு. டோக்கன் என்றால் என்ன என்று பார்க்க வருகிறவர்களுக்கு விளக்குவது. பந்திக்கு முந்தின சனிக்கிழமை மூப்பர் வீடு வீடாகப் போய் விசாரித்து, தகுதியுள்ளவர் கையில் ஒரு டோக்கன் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை மேசையருகே அதை ஒப்படைத்தவர்களே பந்தியில் உட்காரலாம் என்று அதில் இருந்தது. இரண்டையும் நான் அடித்தேன். பிழை திருத்திக் கொடுத்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

லேமினேட் செய்த சீட்டுகளைக் கண்ணாடிக்கு அளவு பார்க்கும்போது இவர்தான் நிறுத்தினார்.

"மீனா, இத ஒருக்கா வாசி."

"சரியாத்தான இருக்கு."

"ஒப்படைச்சவங்கதான் ஒக்காரலாம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப ஒக்காந்து சாப்பிட்டவன் கையில டோக்கன் இருக்காதுல்ல. தியேட்டர்ல டிக்கெட்டு கிழிபடாம சட்டப்பையில இருந்தா என்ன அர்த்தம்? படம் பாக்கலன்னு அர்த்தம். எங்க வீட்டுல எப்பிடி இது நாலு தலமொறயா இருக்கு?"

நான் வரலாறு படித்தவள். ஞானாபரணம் சார் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். எங்கள் இரண்டு பேருக்கும் வராத கேள்வி அது.

பிறகு அவருடைய அப்பா சொன்னதை எனக்குச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாதது. மொக்கைச்சாமி சனிக்கிழமை டோக்கன் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மைல் நடந்து ஜெபவீட்டுக்குப் போனார். பந்தி பந்தியாக உட்கார வைத்தார்கள். காடு கரை வைத்திருந்தவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் காட்டில் கூலிக்குப் போகிறவரைக் கடைசிப் பந்திக்கு இருக்கச் சொன்னார்கள். வாசலில் நின்றார். ஒரு பந்தி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. பிறகு மேசைத் துணியை மடித்துவிட்டார்கள். யாரும் இவரைக் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஏழு மைல் திரும்ப நடந்தார். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

"அப்பா சும்மா சொல்றாருன்னு நெனச்சேன். குடிச்சிருக்கும்போதுதான் சொல்லுவாரு" என்றார் இவர்.

அந்த வாரமே எழுமலை நோட்டிலிருந்து சில பக்கங்களை அடிக்கச் சொல்லி ஞானாபரணம் சார் கொடுத்தனுப்பினார். அதில் நான் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். பழைய எழுத்தில் மூன்று வரி இருந்தது. மொக்கைச்சாமி டோக்கன் பெற்றும் பந்திக்கு வரவில்லை. டோக்கனைத் திருப்பவும் இல்லை. அவன் பேர் எடுக்கப்பட்டது.

இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"வந்தாரு" என்றார். "வந்து நின்னாரு. வரலைன்னு எழுதிட்டாங்க. சாமான எடுத்துட்டுப் போயிட்டாருங்கற மாதிரியும் எழுதிட்டாங்க."

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கடைசிப் பெட்டிக்கு ரப்பர் போடப் போனவர் ஞானாபரணம் சாரிடம் கேட்டார். நான் சீட்டுக் கட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"சார், எங்க டோக்கன் சீட்ட மாத்தணும். பந்தியில பங்குபெற்றவர்னு இருக்கு. அவரு ஒக்காரல. வந்தாரு, வாசல்ல நின்னாரு, எடம் குடுக்கலன்னு போடுங்க."

ஞானாபரணம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, ஸ்காட்லாந்துல இருந்து ஆறு பேர் வர்றாங்க. எங்க சபைகளுக்கெல்லாம் தலைவர், மாடரேட்டர் வர்றாரு. அன்னிக்குப் போய் எங்க சபை ஒரு மனுசன வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிச்சுன்னு நானே எழுதி வைக்கவா? உங்க அப்பா சொன்னத வச்சு? நோட்டுல வரவில்லைன்னுதான இருக்கு."

"நோட்ட எழுதுனது யாரு சார்?"

"அப்ப இருந்த மூப்பர்."

"துணிய மடிச்சது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அந்த அறைக்காகத் தன் பென்ஷனையும் முழங்காலையும் செலவழித்தவர். "விழா முடியட்டும் சங்கிலி, அப்புறம் மூப்பர் சங்கத்துல பேசுவோம்" என்றார்.

"அப்ப எடுத்துட்டுப் போயிரவா?"

"குடுத்ததத் திருப்பி வாங்குறது நல்லாவா இருக்கும்?"

வழியெல்லாம் இவர் நின்று நின்று வந்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி, மாத்திரை, கடை, இப்போது இது. "விடுங்க. நூறு வருசத்துக்கு முந்தின சமாசாரம்" என்றேன்.

"எனக்கும் விட்டுறணும்னுதான் இருக்கு. படுத்தா மூச்சு விடல, எந்திரிச்சா இது விடல" என்றார்.

அந்த நேரம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் சீட்டுப் பெரிதில்லை. அந்த மூன்று வரியில் இரண்டு வரி பொய்யாக வேண்டும். வரவில்லை, திருப்பவில்லை. அவர் இருக்கும்போதே ஆக வேண்டும். தனக்கு எவ்வளவு நாள் என்று டாக்டரைவிட அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

திறப்பு விழா அன்று பந்தியையும் பழைய முறையிலேயே நடத்துவது என்று ஞானாபரணம் சார் ஏற்பாடு செய்திருந்தார். கோயில் நடுவில் நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. சபையாருக்கு முந்தின நாள் அட்டை டோக்கன். நூற்றி நாற்பது அட்டையையும் நான்தான் அடித்து வெட்டிக் கொடுத்தேன். பந்தி முடிந்ததும் எல்லோரும் போய் மியூசியத்தைத் திறப்பதாகத் திட்டம்.

காலையில் பெட்டிச் சாவிகளை ஒப்படைக்க வேண்டும் என்று இவர் சீக்கிரமே கிளம்பினார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது சாவிகளைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, கோயிலின் கடைசி பெஞ்சில் எங்களைப் போன்ற வெளி ஆட்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கை சட்டைப்பைமேல் இருந்தது. நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்து கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

வெள்ளைத் துணி விரித்தார்கள். மேசையின் இந்த முனையில் ஞானாபரணம் சார் எழுமலைத் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரும் அட்டையைப் பையில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அந்த முனையில் பாஸ்டர். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. நாலாவதாக மிச்சமிருந்தவர்கள் எழுந்தபோது இவரும் எழுந்தார். நான் வேட்டியைப் பிடித்தேன். "வாரேன் இரு" என்றார்.

வரிசையில் கடைசி ஆளாகப் போனார். அந்தப் பதினைந்து அடிக்குள் இரண்டு தடவை நின்றார். ஞானாபரணம் சார் பையை நீட்டினார். இவர் பையில் போடவில்லை. அவருடைய உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் ஏறிய வில்லை. காலையில் சாவியை ஒப்படைக்கும் முன்பே பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"மொக்கைச்சாமியோடது சார். திருப்பலன்னு நோட்டுல இருக்குல்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. என் பெஞ்சு வரைக்கும்தான் கேட்டிருக்கும். ஞானாபரணம் சார் கையை மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்த முனையிலிருந்து பாஸ்டர் நடந்து வந்தார். சின்ன வயசுக்காரர். நோட்டு விவரம் அவருக்கும் தெரிந்திருந்தது போல.

"உக்காருங்கண்ணே" என்றார்.

"இல்லய்யா, நான் உங்க சாப்பாட்டுக்கு வரல. நமக்கு சாமி வேற. இத குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இழுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட வேணாம். நிக்க முடியலல்ல. மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். ரொட்டித் தட்டு வந்தது. வாங்கி, ஒன்றும் எடுக்காமல் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்தார். கிண்ணத்தையும் அப்படியே. சிந்தாமல், கண்ணாடியைக் கைமாற்றிவிடுகிற மாதிரி. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பாஸ்டரும் இன்னொரு மூப்பரும் துணியை மடித்தார்கள். அவர் இருந்த பக்கத்து முனை கடைசியாகத்தான் மடிந்தது. அதுவரைக்கும் அங்கேயே இருந்தார்.

மியூசியம் திறந்ததை நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு தெரு நடக்க அரைமணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த பெஞ்சு ஆடுது மீனா. ஒரு காலு ரெண்டு நூல் கொறையுது. சொல்லணும்" என்றார். அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இரண்டாவது தடவை திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஞானாபரணம் சார் வந்தார். விழாவுக்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வந்ததே இல்லை. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. படைத்த சாப்பாட்டை அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் கூப்பிடவில்லை. அவராகவே பந்தியில் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். இலை போட வந்தவரிடம், "எல வேணாம்ப்பா, தண்ணி மட்டும் குடு" என்றார். அந்தப் பந்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். எழுமலை நோட்டின் அதே பக்கம். பழைய மூன்று வரி அப்படியே இருந்தது. அதன் கீழே வேறு கையெழுத்தில் தேதி போட்டு எழுதியிருந்தது: 'மொக்கைச்சாமி பந்திக்கு வந்து வாசலில் நின்றார் என்று அவர் குடும்பத்தார் சொல்லுகிறார்கள். அவருடைய டோக்கன் அவர் கொள்ளுப்பேரன் சங்கிலியால் மேசையில் ஒப்படைக்கப்பட்டது. சபை அதைப் பெற்றுக்கொண்டது.' தேதி விழாவுக்கு அடுத்த வாரத்துடையது.

"அப்பவே எழுதிட்டோம்" என்றார். "எழுதுனது பாஸ்டர். நான் கையெழுத்துத்தான் போட்டேன். கொண்டாந்து காட்டணும்னு ஒவ்வொரு நாளும் நெனச்சேன். வர முடியல."

"அவரு பாத்திருக்கலாம் சார்" என்றேன்.

"ஆமா" என்றார் அவர்.

டோக்கனை மற்ற மூன்றோடு வைத்துவிட்டார்களாம். பங்குபெற்றவர் என்று போட்ட பழைய சீட்டை எடுத்துவிட்டார்களாம். புதுச் சீட்டில் நோட்டில் உள்ள வரிகளையே போடலாமா என்று கேட்டார். அடித்துத் தருகிறேன் என்றேன்.

படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"இன்னொண்ணும்மா. மூணாவது பெட்டி, அந்த டோக்கன் இருக்கிறது, அதோட கதவு மழை பேஞ்சதுல இருந்து இறுகுது. யாரக் கூப்பிடுறதுன்னு தெரியல."

"யாரையும் கூப்பிட வேணாம் சார்" என்றேன். "கீழ கதவு ஓடுற தடத்துல மெழுகுவர்த்திய நல்லாத் தேய்ங்க. அவரு அப்பிடித்தான் செய்வாரு."